இதய நோயுள்ள பிள்ளைகளின் பயம் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள், தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் எனச் சில பிள்ளைகள் நம் பள்ளியில் படிக்கிறார்கள். மாத்திரையையும் ஊசியையும் தேதி தவறாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். அவர்களுடைய பயத்தையும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நோயாலும் நெஞ்சு படபடக்கும், பயத்தாலும் படபடக்கும். பெரியவர்களுக்கே பிரித்தறிவது சிரமம். கணக்குப் பரீட்சையன்று "நெஞ்சு என்னவோ பண்ணுது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நடிப்பென்று ஒதுக்கக் கூடாது. உட்காரவைத்து, "எப்போ ஆரம்பிச்சுது? ஓடினப்பவா, சும்மா இருந்தப்பவா? பயமா இருக்கா?" என்று நிதானமாகக் கேட்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் இப்படிக் கேட்டுப் பழக்கினால் பிள்ளையே தன் உடம்பைக் கவனித்துச் சொல்லும். உதடு நீலம் பாரித்தாலோ, மயங்கினாலோ, மூச்சிரைப்பு அடங்காவிட்டாலோ கேள்விக்கே இடமில்லை. உடனே 108-ஐ அழைத்துவிட்டு உங்களுக்குச் சொல்வோம்.

"அழாதே, நெஞ்சுக்கு ஆகாது" என்று பல வீடுகளில் சொல்கிறோம். கைக்குழந்தை அழுது நீலம் பாரித்ததைக் கண்ட தாய்க்கு அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் ஆபரேஷன் முடிந்து, டாக்டரும் கவலையில்லை என்ற பிறகும் அதையே சொன்னால் பிள்ளை அழுகையை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஊசிக்கு முந்தின இரவு சாப்பிடாமல் எரிந்து விழுகிறதா? அது அடம் இல்லை, பயம். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அந்த ஊசி நன்றாகவே வலிக்கும், அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பாது. "வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

விளையாட்டு வகுப்பில் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவலாக ஒரு பிள்ளை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. இதய நோய் என்றாலே ஓடக் கூடாது என்பதில்லை. என்ன விளையாடலாம், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். அதன்படி விளையாட விடுவோம். களைத்தால் யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொள்ளலாம்.

மற்ற பெற்றோருக்கு ஒன்று: இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மார்புத் தழும்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், "பாவம்" என்று காதுபடப் பேசுவதும் வேண்டாம்.

பிள்ளை பல நாள் சரியாகத் தூங்காமல், பள்ளிக்கு வர மறுத்து ஒடுங்கிக் கிடந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உங்களுக்கே மனம் தாளாதபோதும் அதே எண்தான்.

டாக்டர் எழுதித் தரும் சீட்டை இந்த மாதத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தனியாகப் பேச விரும்பினால் பள்ளி விட்டதும் என் அறைக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்