பாப்பாவுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து

பிரிக்பீல்ட்ஸ்,
18 ஜூலை 2021

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்களுக்கு இரண்டு கோவிட் ஊசியும் போட்டாயிற்று. அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதியில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் பாதுகாப்பு உடுப்பைப் போட்டால் மணிக்கணக்காகத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று உன் அறைத்தோழி அம்மாவிடம் சொன்னாளாம். உடுப்பைக் கழற்றியதும் முதலில் தண்ணீர் குடி.

செவ்வாய்க்கிழமை நாட்டில் 11,079 பேருக்குத் தொற்று என்று செய்தியில் சொன்னார்கள். பாதிக்கு மேல் சிலாங்கூரிலும் இங்கே கோலாலம்பூரிலும்தான். ஆனால் என் கண் நீ இருக்கும் பினாங்கின் எண்ணிக்கையைத்தான் தேடுகிறது.

ஞாயிறு ஸூம் ஆராதனையில் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். "உங்கள் மகள்தானே கோவிட் வார்டில்?" என்று யாராவது கேட்டால் நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. வேறு வார்டுக்கு மாற்றல் கேள் என்றுதான் சொன்னேன். அதற்காக இரண்டு வாரமாகவா போனை எடுக்காமல் இருப்பது? வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் இல்லை. அம்மா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

அன்றைக்கு உன்னிடம் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தரைச் சொன்னேன். 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது, ஓடிப்போகலாமா என்று கேட்ட போதகர்களுக்கு அவர் எழுதிய கடிதம். நோயாளியைப் பார்க்கப் போதுமான ஆட்கள் இருந்தால் மற்றவர்கள் விலகிப் போகலாம், அது பாவமில்லை என்று அதில் இருக்கிறது. அதை மட்டும்தான் சொன்னேன். வேறு ஆள் இல்லாத இடத்தில் பிறனை விட்டுப் போகக் கூடாது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. மருந்து சாப்பிடுவேன், வீட்டைச் சுத்தம் செய்வேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன். ஆனால் பிறனுக்கு நான் தேவை என்றால் போவேன் என்கிறார். அவரும் ஊரை விட்டுப் போகவில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சி, வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பாதியை நான் விழுங்கிவிட்டேன், பாப்பா.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

7-ஆம் தேதி காலையில் குப்பை போடக் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கிரில் கேட்டில் வெள்ளைத் தலையணை உறை ஒன்று கட்டியிருந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் பூ. நீ பள்ளிவிட்டு வந்து சாவி இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்து மைலோ குடிப்பாயே, அந்த நாற்காலியில் கிடக்கும் அதே உறை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக்கு வழியில்லை, உதவுங்கள் என்றுதான் இப்போது வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டுகிறார்கள், எனக்கா தெரியாது? வாசலில் அரிசியை வைத்துவிட்டு வந்திருக்கலாம், தொடக்கூட வேண்டாம். குப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அம்மாவின் இனிப்பு நீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை, நான் பயந்துவிட்டேன்.

மத்தியானம் கீழ்மாடி மலாய்ப் பையன் முட்டையும் மீகூன் சேமியாவும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." எத்தனை வருஷம் இதைச் சபையில் நின்று வாசித்திருக்கிறேன். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனை விட்டுப்போன அந்த ஆசாரியனை நினைத்து எவ்வளவு கோபப்பட்டிருக்கிறேன். ஆன்ட்டியைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. பக்கத்து வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார், மூச்சு பரவாயில்லை என்று மகன் சொன்னார். அவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. இப்போது ஆன்ட்டியின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீர் ஊற்றுவது ரொம்பச் சுலபமாக இருக்கிறது.

மாற்றல் கேட்க வேண்டாம், பாப்பா. நான் சொன்னதை விட்டுவிடு. முகக்கவசம் மட்டும் சரியாகப் போட்டுக்கொள், சாப்பிடு. ஆன்ட்டி வந்ததும் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். எந்த நேரமானாலும் கூப்பிடு. ராத்திரி ஷிப்ட் முடிந்து இரண்டு மணியானாலும் எடுப்பேன்.

அப்பா