பின்னால் வருகிற வான்

கிளிநொச்சி

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது, சிறுபோகம் விதைத்தாயிற்று. மற்றப் புதினமெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள். உன் புதினமும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

அந்த நீண்ட சைக்கிள் ஓட்டத்தில் மூன்றாம் நாள் முழங்கால் நொந்து, ஒரு ஏற்றத்தடியில் இரண்டு மணித்தியாலம் தனிய இருந்தாயாமே. கடைசியாக ஓடி வருகிறவர் ஒருவரையும் பின்னுக்கு விடமாட்டார் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய்? அவரையும் ‘நீங்கள் போங்கள், நான் வருவேன்’ என்று அனுப்பிவிட்டாயாம். உதவிக்கென்று பின்னால் வருகிற வானுக்கும் போன் எடுக்கவில்லையாம். பிறகு அந்த வான் எதற்கு வருகிறது தம்பி, ஊர் பார்க்கவா?

பிரித்தானியாவின் தென்மேற்கு மூலை லாண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு மூலை ஜோன் ஓ குரோட்ஸுக்கு 1,400 கிலோமீற்றர் என்கிறாய். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 றோட்டால் 321. அதை நாலு தரம் ஓடினாலும் உன் தூரம் வராது. சந்தையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், சலூனில் உன் படத்தையும் காட்டினேன். தெற்கிலிருந்து வடக்கே போனால் காற்று முதுகில் தள்ளும் என்றாய், எங்கள் சோளகம் மாதிரி. தள்ளட்டும். ஆனால் காற்று முழங்காலைப் பார்க்காது. நொந்தால் வானில் ஏறு. ஒரு நாள் ஏறினால் ஒன்றும் குறைந்துபோகாது.

இன்னொன்று. உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. 1996, சண்டையால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நேரம், உனக்கு நாலு வயது. பெட்ரோல் இல்லாத காலம், சனம் முழுக்கச் சைக்கிளில்தான். நீ முன்பாரில், துவாய் சுற்றிய இடத்தில். அம்மாவும் அக்காவும் பின் கரியரில். அக்கராயன் றோட்டில் ஒரு மனிதர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு கிழவி, மடியில் கோழி. ரியூபுக்கு ஒட்டுப் போட்டுவிட்டார், காற்றடிக்க வழியில்லை. ‘அண்ணை, பம் இருக்கோ?’ என்று கேட்டார். இல்லை என்றேன்.

பம் உன் காலடியில் தொங்கிய பைக்குள் இருந்தது. ‘இருக்குத்தானே அப்பா’ என்றாய். உன் தலையில் குட்டினேன். அந்த மனிதருக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லாமல் கிழவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து நிமிஷ வேலை. பிந்திவிடும், பம்மைத் திருப்பித் தரமாட்டார் என்று என்னென்னவோ நினைத்தேன். ஸ்கந்தபுரம் போய்ச் சேரும்வரை அம்மா என்னோடு கதைக்கவில்லை. அவர்கள் எப்படிப் போனார்களோ, போனார்களோ இல்லையோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. பென்சில் முடிந்தால் வாத்தியாரிடம் ஏச்சு வாங்குவாயே தவிர, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கமாட்டாய். அதை உன் கெட்டித்தனம் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மருமகளைப் பற்றிக் கேட்கச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறா. நான் கேட்கவில்லை.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறா, அதையும் எழுதச் சொல்கிறா. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

முழங்காலுக்கு என்ன பூசுகிறாய்? வானில் ஏறினாயா இல்லையா என்று, அக்காவுக்கு இல்லை, எனக்கு ஒரு வரி எழுது.

அப்பா