ஈஸ்டருக்குப் பிறகும் மணி அடித்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து நாட்களில் நம் கோயிலில் அதிகாலை ஜெபத்துக்கு உட்கார இடம் கிடைக்காது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு குருவி இருக்காது. குறையாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும்தானே. ஆனால் இந்த வருஷம் அந்தத் திங்கட்கிழமையும் ஐந்து மணிக்கு மணி அடித்தது. அன்றிலிருந்து அந்த ஜெபத்தை விடாமல் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் இந்த மடல். நேரில் சொன்னால், ‘அட, இதுக்குப் போயா’ என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முதலில், மணி அடித்துக் கோயிலைத் திறந்து பூட்டும் நம் கோயில்பிள்ளை அண்ணாச்சி. லெந்துதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டதற்கு, “ஒருத்தராவது வந்து பூட்டுன கதவைப் பாத்துட்டுத் திரும்பிரக் கூடாதுல்லா” என்றார். அந்த ஒருத்தர் பல நாள் நான்தான்.

அம்மா போன பிறகு எனக்கு வேதத்தைத் திறந்தால் கண் ஓடும், மனதில் எதுவும் நிற்காது. பாமாலைப் பாட்டில் இரண்டாம் அடிக்கு மேல் தொண்டை வராது. ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி, ஆனாலும் ‘விசுவாசத்தோடு இரு’ என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியரான நம் சார்வாள் மட்டும் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. “சங்கீதத்த எதிரும் புதிருமா வாசிக்க ஆள் இல்ல, வாங்க” என்றார், அவ்வளவுதான். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளான 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பிரித்து, காலைக்கும் மாலைக்கும் பங்கு வைத்திருக்கிறது. 31 வந்தால் 30ஆம் நாளுடையதையே திரும்ப வாசிக்க வேண்டும். காலைப் பங்கைக் கோயிலிலும், மாலைப் பங்கை வீட்டில் குடும்ப ஜெபத்திலும் வாசிக்கிறோம். நமக்கு இன்று பிடித்த சங்கீதம் எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அந்தக் கணக்கின்படி 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வரும். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. சார்வாள் விளக்கம் ஏதும் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். வீட்டுக்கு வந்து நான் தனியாகத் திரும்ப வாசித்தபோதுதான் 13ஆம் வசனம் கண்ணில் பட்டது: “நானோ கர்த்தாவே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன், காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்.” சந்தோஷம் துளியும் இல்லாத ஒரு மனுஷன் காலையில் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறான். முறையிடுவதற்காவது வருகிறானே, அதுவும் வாஞ்சைதான் என்று எனக்கு அன்று பட்டது. கன்வென்ஷன் என்னும் எழுப்புதல் கூட்டப் பந்தலில் மூன்று நாள் உள்ளம் பொங்குவதை நான் குறைசொல்லமாட்டேன். நாலாம் நாள் காலையில் என்ன செய்வது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்த வாசிப்புதான்.

அப்புறம் எங்கள் தெருப் பெரியம்மா. முழங்கால் வலியால் அவர்கள் கோயிலுக்கு வருவதில்லை. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசிக் காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும்போது, சபையில் ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். தெருவில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அந்தப் பானைக்குத் தெரியும். என்னையும் அதே மாதிரி செய்யச் சொன்னார்கள். இப்போது சமைக்கிற நேரமெல்லாம், நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், கை அரிசியில் படும்போது ஒரு பெயர் வாயில் வந்துவிடுகிறது.

துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வரும் தம்பிக்கும் நன்றி. நாங்கள் நாளைத் தொடங்கும் ஜெபத்தில் அவன் தன் நாளை முடிக்கிறான். சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான், யாரும் எழுப்புவதில்லை. மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போவது, பட்டணமே வாசலில் கூடி நின்ற சாயங்காலத்துக்கு மறுநாள் காலை. களைப்பு என்னவென்று அவருக்கும் தெரியும்.

நம் சபைக் குருவான ஐயரவர்களுக்கு நன்றி, பிரசங்கம் செய்யாமல் எங்களோடு பாயில் உட்காருவதற்கு. இது சின்ன தியாகம் இல்லை! உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொண்டுவரும் அக்காவுக்கும் நன்றி. அந்தக் காப்பிக்காகவே சில பிள்ளைகள் வருகிறார்கள். வரட்டும்.

வருகிற 25ஆம் தேதி காலை 119ஆம் சங்கீதத்தில் 33 முதல் 72 வரை, 40 வசனம் வாசிக்க வேண்டும். சார்வாளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, என் குரல் மட்டும் போதாது. முடிந்தவர்கள் வாருங்கள், ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபைச் சகோதரி