வலிப்பு நோயை மறைப்பதால் வரும் கேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் நவம்பர் 17 அன்று தேசிய வலிப்பு நோய் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பேரணியும் உறுதிமொழியும் நடக்கின்றன. மறுநாள் பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கத்தான் நமக்குத் தெரிகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த நோயைப் பற்றி நம் மக்களிடம் இன்னும் போய்ச் சேராத சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் அசையாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் யார் எதைச் செய்திருந்தாலும், அதனால்தான் நின்றது என்று சுற்றி நிற்பவர்கள் கண்ணால் கண்ட சாட்சியாக நம்பிவிடுகிறார்கள். சாவி கொடுப்பதால் பெரிய தீங்கில்லை என்றாலும், கூடவே நடப்பவை ஆபத்தானவை. நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்று வாயில் கரண்டியையோ துணியையோ திணிக்கிறார்கள். அதனால் பல் உடைகிறது, மூச்சு அடைக்கிறது. மயக்கம் தெளியும் முன்பே சோடா ஊற்றுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போகக்கூடும். கை கால்களை அழுத்திப் பிடிப்பதால் மூட்டு விலகவும் வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. அருகிலுள்ள கூரான, கடினமான பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் துண்டையோ பையையோ மடித்து வைத்து, கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்தி, உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் நுரையும் வெளியே வடிந்து மூச்சு சீராகும். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்வது முக்கியம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்த வலிப்பு வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ, தண்ணீரில் விழுந்தவருக்கு வந்தாலோ, அதுவே அவருக்கு முதல் வலிப்பாக இருந்தாலோ, 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். மற்றபடி அவர் தெளியும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

தெருவில் நடக்கும் இந்தத் தவறுகளைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்தியவை வீட்டுக்குள் நடப்பவைதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, மாத்திரை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் எழுதாத வெறும் கவரில் போட்டுத் தரும்படி கேட்ட தாய்மார்களை மருந்து வழங்கும் சன்னலருகே பார்த்திருக்கிறேன். "கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிக்குவா சார்" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கூட்டுக் குடும்பத்தில், மாமியார் கண்ணில் படாமல் வேளை தவறாது மாத்திரை போடுவது நடக்கிற காரியமா? ஒரு வேளை தவறும், பிறகு ஒரு நாள் தவறும், கடைசியில் நின்றே போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது, விடாமல் தொடரும் வலிப்பில் கொண்டுபோய்விட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கல்யாண வீட்டுத் தூக்கமின்மை வேறு வலிப்பைத் தூண்டக்கூடியது.

இதைவிடப் பெரிய கேடு கர்ப்ப காலத்தில் வருகிறது. சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும் அபாயம் உள்ளதால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கண்டு, தேவையானால் மருந்தை மாற்றிக்கொண்டு, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயை மறைத்து மணமுடித்த பெண் கணவனிடம் என்ன சொல்லி அந்த மருத்துவரிடம் போவாள்? முறையான கவனிப்பு இருந்தால் வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெற்றெடுக்கிறார்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதும் உண்மையன்று.

மறைக்கும் பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அடிக்கடி வரும் வலிப்பு மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாகவே எழுதப்பட்டிருந்தது. 1999-இல் திருமணச் சட்டங்கள் திருத்தப்பட்டபோது, இந்துத் திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் இரண்டிலிருந்தும் வலிப்பு நோய் நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் இந்தச் செய்தி பெண் பார்க்கப் போகும் வீடுகளை எட்டவில்லை. வலிப்பு மூளை நரம்பணுக்களில் மின் செயல்பாடு சிறிது நேரம் கட்டுமீறுவதால் வருவது. அது மனநோயுமல்ல, தொற்றுவதுமல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், சரியாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றி இருந்த பலருக்கு, மருத்துவரே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதும் உண்டு.

பள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வலிப்பும் கீழே விழுந்து உதறுவதாக இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை சில நொடிகள் பேனாவை அப்படியே பிடித்தபடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல மறுபடி எழுதத் தொடங்கும். அது ஒரு நாளில் பலமுறை நடக்கலாம். கவனக்குறைவு என்று அடி வாங்கும் இத்தகைய பிள்ளைகளை முதலில் அடையாளம் காணக்கூடியவர் வகுப்பாசிரியர்தான். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே பயனுண்டு.

பேருந்து நடத்துநர்களுக்கும் காவலர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி தருவதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வலிப்பு மாத்திரைகள் ஒரு நாளும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும், வெளியூர் வேலைக்குச் செல்வோருக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தருவதும் சுகாதாரத் துறை உடனே செய்யக்கூடியவை. தாங்களும் முதலுதவி முறையைப் படத்துடன், நவம்பர் மாதத்துக்கு என்று காத்திராமல், ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் வெளியிட வேண்டுகிறேன். அதோடு 1999-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் இரண்டு வரியில் மணமக்கள் தேவை விளம்பரப் பக்கத்திலேயே அச்சிட்டால், படிக்க வேண்டியவர்கள் கண்ணில் அது கட்டாயம் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.