பழைய அச்சுப்படங்களும் நம் உடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1 சிறப்பிதழ்களிலும், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிய கட்டுரைகளிலும், 'அக்காலத் திருவிதாங்கூர் மக்கள்' என்ற ஒற்றை வரியோடு பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களைப் போடுகிறார்கள். தோளில் ஒரு துணி போடுவதற்காக அடிவாங்கிய மண் இது. இங்கே உடையைக் காட்டும் படம் தவறாக வருவதைச் சும்மா விட முடியாது.

அடிக்கடி கண்ணில் படுவது லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் படங்கள். அவர் 1580-களில் கோவாவில் இருந்தவர். நூல் 1596-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அவர் வரைந்ததைச் செம்புத் தகட்டில் வெட்டிய டூட்டெக்கம் குடும்பத்தார் இந்தியாவைப் பார்த்தவர்கள் அல்ல. சில ஆண்டுகளிலேயே பிராங்பர்ட்டில் டி பிரை சகோதரர்கள் அதைப் பார்த்து மறுபடி வெட்டினார்கள். 1859-ல் முடிந்த போராட்டத்துக்குப் பக்கத்தில் இவற்றைப் போட்டால், இடையில் இரண்டரை நூற்றாண்டு காணாமல் போகிறது. சால்வின்ஸ் என்ற ஐரோப்பிய ஓவியர் அப்படியல்ல. கல்கத்தாவில் நேரில் பார்த்து, 250 தகடுகளைத் தாமே அமிலத்தில் அரித்தெடுத்தவர். நம்பலாம், ஆனால் வங்காளத்துக்கு மட்டும்.

தகட்டில் வெட்டியது தாளில் இடவலம் மாறித்தான் விழும். மூலத்தைத் திருப்பிப் போட்டு வெட்டினால் சரியாக வரும். நகலெடுத்தவர்கள் பலர் அதற்கு மெனக்கெடவில்லை. எழுத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதை மட்டும் கவனமாகத் திருப்பி வெட்டியிருப்பார்கள். பூணூலைப் பாருங்கள். இடத்தோளிலிருந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பிதுர்காரியம் நடக்கும் காட்சியாக இல்லாமல் அது வலத்தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது. வரிசையாக எல்லோரும் இடக்கையில் வாள் பிடித்திருந்தாலும் அதே சந்தேகம்தான். இதைக் கவனிக்காமல் பள்ளி ஆண்டுவிழாவுக்கு உடுத்திவிட்டால் மேல்முண்டு தோள் மாறிவிடும்.

துணியில் தெரியும் கோடுகள்தான் ஆளை அதிகம் ஏமாற்றுகின்றன. இந்த அச்சில் சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு இழுக்க வேண்டும். அதனால் வெள்ளை முண்டும் கோடு போட்ட துணியாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நெய்த கோடு மடிப்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். நிழல் கோடு வெளிச்சப் பக்கம் போகப்போக மெலிந்து நின்றுவிடும். அதே கோடு காலிலும் தரையிலும் இருக்கும். வடசேரியிலோ பாலராமபுரத்திலோ 'பழைய மாதிரி' நெய்யக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. தகடு தேயத் தேய மெல்லிய கோடுகள்தான் முதலில் மறையும், கொசுவம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். நிறத்தையோ நம்பவே கூடாது. கையால் பூசியது அது, பல சமயம் வாங்கியவர்கள் பிற்காலத்தில் பூசியது.

மார்பை மறைத்தார்களா இல்லையா என்பதற்கு இந்தப் படங்களைச் சாட்சிக்கு இழுப்பதுதான் பெரிய கொடுமை. அதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) போடலாம், எந்த மதத்தவரானாலும் மீனவ சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்கிறது. துணி முரடா மெல்லியதா என்பதுவரை சாதி பார்த்திருக்கிறார்கள். இதை எந்தச் செம்புத் தகடு காட்டும்?

இனிப் படம் போடும்போது வரைந்தவர், வெட்டியவர், ஊர், ஆண்டு நான்கையும் படக்குறிப்பில் தாருங்கள். பக்கம் அமைப்பவர்கள் படத்தின் கீழ் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இட மூலையிலும், வெட்டியவர் பெயர் வல மூலையிலும் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவரின் முகம் பக்கத்துச் செய்தியைப் பார்க்கட்டும் என்று கணினியில் படத்தைத் திருப்பவும் வேண்டாம்.

— வாசகர், தக்கலை