தோசைக்கல்லைக் கொடுத்தனுப்புகிறேன்

அன்புள்ள தம்பி,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம், அம்மா நன்றாக இருக்கிறாள். அக்கா எங்களை எங்கெங்கோ கூட்டிப் போனாள், ஆனால் எல்லிஸ் தீவுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவு. 1892-லிருந்து 1954 வரை 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் குடியேறப் போயிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததுமே சாமான் அறை. டிரங்குப் பெட்டி, பிரம்புக் கூடை, தோல் பெட்டி எல்லாம் இப்போதுதான் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி குவிந்து கிடக்கின்றன. பழைய பெட்டிகளில் சிலவற்றுக்கு மூடி வளைந்திருக்கும், பார்த்திருக்கிறாயா? வண்டியில் போகும்போது மழைத் தண்ணீர் வழிந்தோடுவதற்காக அப்படிச் செய்தார்களாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அது தோதுப்படாததால்தான் ரயிலும் கப்பலும் பெருகியதும் தட்டை மூடிக்கு மாறியிருக்கிறார்கள். மரச்சட்டம் அடித்து, முனைக்கு முனை தகரம் வைத்து, என்ன உழைப்பு! நான் ஒவ்வொன்றின் கைப்பிடியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள், மூன்றாம் வகுப்பு ஏழைகளைத்தான் இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். சாமானைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள் என்றால் பலர் வைக்க மாட்டார்களாம், திருட்டுப் போய்விடுமோ என்ற பயம், மூட்டையைச் சுமந்துகொண்டே ஏறியிருக்கிறார்கள். படியேறுகிறவர்களை மருத்துவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். யாருக்காவது மூச்சு வாங்கினாலோ கால் தாங்கினாலோ சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்துப் போடுவார்கள், இதயக் கோளாறு என்று சந்தேகப்பட்டால் 'எச்', நொண்டினால் 'எல்'. அப்புறம் தனியாக நிறுத்திச் சோதனை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்றாலும், அந்தப் படியில் நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அப்படியும் மூட்டையை விடவில்லை, தம்பி. உள்ளே என்ன பெரிய சொத்தா, இறகு மெத்தை, ஊர்த் துணிமணி, சமையல் பாத்திரம்.

அங்கே நின்றபோது உன் பெட்டிதான் ஞாபகம் வந்தது. விமான நிலையத்தில் எடை மூன்று கிலோ கூடுதல் என்றதும், தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு நான்தான் அப்பத்தாவின் தோசைக்கல்லை வெளியே எடுத்தேன். "இதெல்லாம் அங்கேயே வாங்கிக்கலாம்" என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் ஜிப்பை இழுத்து மூடினாய். கூடுதல் எடைக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், என்னிடம் இருந்தது. அது என் தப்பு.

நீ இருக்கிற ஹாம்பர்க்கிலிருந்தும் ஏகப்பட்ட பேர் கப்பல் ஏறியிருக்கிறார்கள். 1892-ல் அங்கே காலரா வந்தது, அதன்பிறகு ஃபெடல் பகுதியில் கப்பல் கம்பெனி அவர்களுக்கென்றே விடுதிகள் கட்டி, துணிமணியையும் சாமானையும் கிருமி நீக்கித்தான் உள்ளே விட்டதாம். அந்த இடம் இப்போது பாலின்ஷ்டாட் என்ற அருங்காட்சியகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

நம் தெருப் பையன் ஒருவன் அடுத்த மாதம் ஜெர்மனி வருகிறான், தோசைக்கல் அவன் பெட்டியில் வருகிறது. அம்மா நல்லெண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறாள். சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதே, முதல் தோசை ஒட்டினால் வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய், சரியாகிவிடும்.

அப்பா