பச்சை ஸ்டிக்கர் பிரேக் பிடிக்காது: டிராக் டே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க நீங்கள் நடத்தும் நாள்தான் டிராக் டே. சென்ற டிராக் டேயின் மூன்றாவது செஷன் ஏன் பாதியில் நின்றது, அதன்பின் அரை நாள் ஏன் வீணாயிற்று என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிவப்புக் கொடி காட்டச் சொன்னவர்களே நீங்கள்தான். நான் எழுதுவது அந்தக் கொடிக்குப் பல மணி நேரம் முன்னால், காலையில் வாகனப் பரிசோதனை வரிசையில் நடந்ததைப் பற்றி, சரியாகச் சொன்னால் அங்கே நடக்காததைப் பற்றி.

என் முறை வந்தபோது உங்கள் பரிசோதகர் ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முன்னால் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று நான் சொன்னதை அப்படியே நம்பினார். பிறகு, கதவில் ஒட்டியிருந்த எண் கோணலாக இருப்பதாகச் சொல்லி, அதைக் கழற்றி நேராக ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். முன்கண்ணாடியின் மூலையில் பச்சை ஸ்டிக்கரை வைத்துக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்து, அடுத்த காரைக் கை காட்டி அழைத்தார். பானெட் திறக்கப்படவில்லை. ஒரு சக்கரத்தைக்கூட யாரும் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை. காரில் எதையெல்லாம் மாற்றியிருக்கிறேன், எப்போது மாற்றினேன் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அது மடித்த மடிப்புக் கலையாமல் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அந்தத் தாளில் இருந்தது மூன்று வார இறுதிகளின் உழைப்பு. மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு 80இல் ஓடுவதைப்போல நான்கு மடங்கு இயக்க ஆற்றல் உண்டு என்பதும், வளைவுக்கு முன்னால் அதில் முக்கால் பங்கைச் சில நொடிகளில் வெப்பமாக்கித் தள்ள வேண்டிய வேலை பிரேக்குடையது என்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரியைத்தான். ஆகவே நிகழ்வுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதியதை ஊற்றினேன், பிரேக் பேடுகளை மாற்றினேன், வீல் நட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் செய்ததற்குப் பாராட்டு கேட்கவில்லை. செய்தேனா இல்லையா என்று கேட்க ஒருவராவது இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது செஷனில் எனக்கு முன்னால் ஓடியது டர்போ ஏற்றிய ஒரு கார். நேர்ப்பாதையின் கடைசியில் காற்றுத் துவாரம் வழியாக முதலில் வந்தது வாசனைதான்: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடாகும்போது எழும் அந்தத் திகட்டும் இனிப்பு. அடுத்த கணம் கண்ணாடியில் பொடித் தூறல். வேகத்தைக் குறைக்க எண்ணி, பெடலில் கால் வைப்பதற்குள் வளைவுக்குள் நுழைந்துவிட்டேன். பின்சக்கரங்கள் கழன்று போனதுபோல வழுக்கின. கார் ஒன்றரை வட்டம் சுழன்று ஜல்லிப் பரப்பில் புதைந்து, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது.

அங்கே நான் உட்கார்ந்திருந்த நேரத்தை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டுகிறேன். எஞ்சின் நின்றுவிட்டது. பாதையோரம் கொடியுடன் நிற்கும் பாதுகாப்பு ஊழியரான மார்ஷல் கையசைக்கும்வரை காரைவிட்டு இறங்கக் கூடாது என்பது விதி, நியாயமான விதி. ஆகவே பெல்ட்டை அவிழ்க்காமல், கை இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, நான் வழுக்கிய அதே இடத்தை நோக்கி அடுத்த கார் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் வழுக்கியது. ஓட்டியவரின் வாய் திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு அருகில் வந்துதான் விலகிப் போனார். பாதை வழுக்குகிறது என்று எச்சரிக்கும், மஞ்சளும் சிவப்பும் கோடிட்ட கொடி அதற்குப் பிறகே அசைந்தது. மார்ஷல்களை நான் குறை சொல்லவில்லை. கறுப்புத் தாரின் மேல் ஒளி ஊடுருவும் திரவத்தை அத்தனை தொலைவிலிருந்து யாராலும் காண முடியாது. ஆனால் அந்தத் திரவத்தைக் காலையில், நின்றுகொண்டிருந்த காரில், கைக்கெட்டும் தொலைவில் தடுத்திருக்கலாம்.

என் காரை இழுத்து வந்த பின், கார்களை நிறுத்தி வைக்கும் பேடாக்கில் அந்த டர்போ காரைத் தேடிப் போனேன். அன்றைய தினத்தில் முதன்முறையாக அதன் பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்திருந்த கிளாம்ப்பை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் விரலாலேயே திருப்ப முடிந்தது. சண்டை போடத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இளைஞர், முதல் டிராக் டே, முகம் வெளுத்துப் போயிருந்தது, கண்ணாடியின் மூலையைக் காட்டி, "காலையில் பாஸ் ஆகிவிட்டதே அண்ணா, எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே நினைத்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் காட்டியது உங்கள் பச்சை ஸ்டிக்கரை.

இந்த மடலின் மையம் இதுதான். பரிசோதனையே இல்லை என்று நீங்கள் அறிவித்திருந்தால் அவர் பயந்துபோய் யாரையாவது அழைத்துத் தன் காரைக் காட்டியிருப்பார். பார்க்காமலே ஒட்டிய ஸ்டிக்கர் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் எஞ்சினையும் பிரேக்கையும் குளிர்விப்பையும் அதைச் செய்தவர்கள் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதித்திருக்கிறார்கள். நாங்கள் டர்போவை ஏற்றிய நாளோடு அந்தப் பொருத்தம் முடிந்துவிடுகிறது. மாற்றிய காரை அதன் எல்லை வரை ஓட்டிப் பார்க்கப் பொதுச்சாலை இடமல்ல. அதற்காகத்தான் உங்களிடம் கட்டணம் கட்டி வருகிறோம். எங்கள் கார்கள் எங்கே தவறும் என்று தெரியாமல்தான் வருகிறோம் என்பதை அறிந்த நீங்கள், தயவுசெய்து பானெட்டைத் திறந்து பாருங்கள்.

அன்று மாலை உங்கள் அலுவலக மேசையில் இதைச் சொன்னபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். "அவரவர் வாகனத்தின் நிலைக்கு அவரவரே பொறுப்பு." உண்மை, படித்துத்தான் கையெழுத்திட்டேன். என் காரின் கிளாம்ப்புக்கு நான் பொறுப்பேற்றேன். மற்ற கார்களின் கிளாம்ப்புகளைச் சரிபார்க்கும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கு மட்டுமே உண்டு என்பதும் அந்தப் படிவம் சொல்லாமல் சொல்கிற செய்திதானே?

எண் ஸ்டிக்கர் இரண்டு டிகிரி கோணலாக இருந்ததைக் கண்டுபிடித்த கண்கள் உங்களிடம் இருக்கின்றன. புகைப்படம் எடுக்க வளைவு அலங்காரமும், மேலே பறந்து படம்பிடிக்க டிரோனும், 'இது பந்தயம் அல்ல' என்று ஓட்டுநர் கூட்டத்தில் மூன்று முறை சொல்லிவிட்டு வேகமான சுற்றுகளை வரிசைப்படுத்திக் காட்ட ஒரு பெரிய திரையும் இருக்கின்றன. இல்லாதது டார்ச் லைட் ஒன்றும், அதைப் பிடித்துக்கொண்டு காரின் அடியில் குனிய மனம் உள்ள ஒருவரும். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தவர்கூட உள்ளே இருந்த முத்திரையைப் படித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அடுத்து நின்றவர் கொண்டுவந்தது ஸ்னெல் என்ற ஹெல்மெட் தர அமைப்பின் எம் முத்திரை உள்ள மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கார் பந்தயத்துக்கான எஸ்ஏ வகைக்கு உள்ள தீத்தாங்கும் சோதனை அதற்குக் கிடையாது. அவருக்கும் பச்சை ஸ்டிக்கர் கிடைத்தது, நேராகவே ஒட்டப்பட்டது.

கோபத்தில் எழுத்து தடம் மாறுகிறது, மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒரு காருக்கு ஐந்து நிமிடம் போதும். பானெட்டைத் திறந்து ஹோஸ்களையும் கிளாம்ப்புகளையும் கையால் அசைத்துப் பார்க்கலாம். பேட்டரி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது மெல்லக் கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். 40 கார்கள், இரண்டு பரிசோதகர்கள் என்று வைத்தால் 100 நிமிடம். காலையில் அவ்வளவு நேரம் இல்லை என்றால், முந்தைய நாள் மாலையே வரச் சொல்லுங்கள், வருகிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன், இதுவே முக்கியம் என்றுகூடச் சொல்வேன்: முதல் செஷன் முடிந்ததும் ஒரு முறை பாருங்கள். நிற்கும் காரில் ஒழுகாத ஹோஸ் சூட்டிலும் அதிர்விலும் ஒழுகும்; குளிர்ந்த சக்கரத்தில் இறுகியிருந்த நட்டு சூடேறி ஆறியபின் தளரக்கூடும். பேடாக்குக்குத் திரும்பும் வழியில் ஒருவர் நின்று ஒவ்வொரு காரின் அடியிலும் எட்டிப் பார்த்தாலே பாதி ஆபத்து அங்கேயே நின்றுவிடும். டிராக்கில் இறங்கும் கார்களில், உறையாமல் இருக்கச் சேர்க்கும் வழுக்கும் திரவமான கிளைக்கால் கலந்த கூலண்ட்டை அனுமதிப்பதா என்பதையும் இதோடு யோசியுங்கள். தண்ணீர் சிந்தினால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. கிளைக்கால் எளிதில் காய்வதில்லை. அதைத் துடைத்தெடுக்க அன்று உங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நான் ஜல்லிப் பரப்பிலிருந்து நேரிலேயே பார்த்தேன்.

அடுத்த நிகழ்வுக்கான அறிவிப்பு வந்துவிட்டது. என் பெயரைப் பதிவும் செய்துவிட்டேன். சக்கரக் குழிகளில் புகுந்த ஜல்லியை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், பிரேக் ஆயிலை மறுபடி மாற்றப் போகிறேன், தாளையும் மறுபடி எழுதி எடுத்து வருவேன். இந்த முறை வரிசையில் நிற்கும்போதே பானெட்டை நானே திறந்து வைத்திருப்பேன். அன்புகூர்ந்து உள்ளே ஒரு பார்வை பார்க்கும்படி உங்கள் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எனக்குப் பின்னால் நிற்பவரின் காரிலும்.

இப்படிக்கு,
மூன்றாவது செஷனில் ஜல்லிப் பரப்பிலிருந்து இழுத்து வரப்பட்ட சாம்பல் நிறக் காரின் உரிமையாளர்